வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய கட்டி

ஜாகொமா உயிரோடு இருந்தவரை அவளைப் பற்றி யாரும் கதை சொன்னதில்லை, அவள் புருஷனைத் தவிர. சொல்வதற்கு என்ன இருந்தது? மாடு, பால், பாலாடைக்கட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை. பூசையில் பாட்டை எல்லோருக்கும் அரை அடி முந்திப் பாடுவாள். ராகம் சேராது, ஆனால் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். நடையும் அப்படித்தான், கூட வருகிறவர்கள் ஓடித்தான் பிடிக்க வேண்டும். போட்டோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகள் கல்யாணப் படத்தில்கூட அவளுடைய ஒரு காதும் கொண்டையும்தான் விழுந்திருக்கின்றன. நான் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு எருக்குழியும் ஒரு கல்சுவரும். அந்தத் தூரத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா காஸ்பரே. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். நான் சொல்லமாட்டேன். பெண்டாட்டி செத்தபோது ஜாகொமாவுக்குப் பதினைந்து வயது இருக்கும். அண்ணன்காரன் சுரங்கப்பாதை தோண்ட சுவிட்சர்லாந்துக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். வீட்டில் மிச்சம் இருந்தது நான்கு கைகள். எங்கள் தலேஜோ பள்ளத்தாக்கில் நீலக் கட்டி போடும் வீட்டுக்கு அதற்குக் குறைந்தால் முடியாது.

ஏனென்றால் இந்தக் கட்டிக்கு இரண்டு வேளைப் பால் வேண்டும். மாலைப் பாலைத் திரித்து, அந்தத் திரளைத் துணியில் கட்டி இரவெல்லாம் குளிரில் தொங்கவிட வேண்டும். விடிந்ததும் காலைப் பாலைத் திரித்து, அது வெதுவெதுவென்று இருக்கும்போதே, ராத்திரித் திரளை உடைத்துப் போட்டு இரண்டையும் வட்ட அச்சில் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். சில்லென்ற திரளும் சூடான திரளும் முழுசாக ஒட்டிக்கொள்ளாது. அந்த இடுக்குகளில்தான் பிற்பாடு நீலப் பூஞ்சணம் ஓடும், நாங்கள் நீலம் என்றுதான் சொல்வோம். அதுவும் தானாக ஓடாது. ஒரு மாதம் போல் ஆனதும் நீளமான செப்பு ஊசியால் கட்டியைக் குத்திக் காற்றுக்கு வழிவிட வேண்டும். குத்தினால் மூன்று நான்கு வாரத்தில் உள்ளே நீலம் பூக்கும். குத்தாவிட்டால் வெள்ளையாகவே பழுக்கும். வெள்ளையும் மெத்தென்று வெண்ணெய் மாதிரி நன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பார்கள். மாலைத் திரள் காஸ்பரேயுடையது, காலைத் திரள் மகளுடையது. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் காலையில் யார் எழுந்திருப்பது என்பதுதான் அந்த நல்ல மனுஷனின் கவலை.

எங்கள் குடியிருப்புக்கு ஃபொஸ்கா என்று பெயர். ஒரு கையில் எண்ணிவிடக்கூடிய வீடுகள். இங்கே பெண் கேட்டு வந்தவனுக்கு வாயால் பதில் சொல்வதில்லை. முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே ஆளோடு ஓடைத் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் எப்படிப் பேசுவது? அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு ஒரு கட்டியை வெட்டுவார்கள். உள்ளே நீலம் இருந்தால் சம்மதம். வெள்ளையாக இருந்தால், வந்தவன் இன்னொரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான். வெட்டியது வெட்டியதுதான், வெட்டிய வீட்டார் பிறகு மாற்றிப் பேச முடியாது. பெண் இருக்கிற வீடுகளில் இதற்கென்று குத்தாத கட்டி ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள். காஸ்பரே நிலவறையில் கடைசிப் பலகையையே ஒதுக்கியிருந்தார். பழசு ஆக ஆகப் புதுசாக மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு மாட்டுத் தரகனின் அக்காள் மகன் வந்தான், வெள்ளை. மலைக்கு அந்தப் பக்கத்துத் தபால்காரன் வந்தான், வெள்ளை. அப்புறம் ஆட்கள் வருவது நின்றுபோய், ஜாகொமாவுக்கு முப்பது தாண்டியும் விட்டது.

அந்த வருஷம் வசந்தத்தில் பத்திஸ்தா வந்தான். ஃபொஸ்காக்காரன்தான், கோவேறு கழுதை வைத்து மூட்டை ஏற்றுகிறவன். உயரமாக, பார்க்க நன்றாக இருப்பான், அது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் கோளாறு. நான் அப்போது கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாட்சிக்கு நானும் என் வீட்டுக்காரர் லூயிஜியும் போய் உட்கார்ந்தோம். ஜாகொமா புது ஏப்ரன் கட்டியிருந்தாள். மாட்டுத் தரகன் வீட்டிலிருந்து வந்தபோது இதெல்லாம் இல்லை என்று லூயிஜி என் காதில் சொன்னார். காஸ்பரே கட்டியை வெட்டினார். பனி மாதிரி வெள்ளை. பத்திஸ்தா மழையைப் பற்றிப் பேசவில்லை. ஒயினையும் தொடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். அதற்குப் பிறகு கழுதையைக்கூட அந்த வீட்டு வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு வராமல் கீழ்ப்பாதையில் சுற்றிப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. துணி துவைக்கும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் ஜாகொமாக்கா, இப்படியே இருந்துடப்போறியா? அப்பாகிட்ட வாயைத் திறந்து கேளேன்."

"கேட்டா முடியாதுன்னுவாரு."

"சொல்லட்டுமே. அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் பார்க்க என்ன இருக்கு? இப்ப அவர் எதுவும் சொல்லல. சொன்னது கட்டிதானே." ஒரு போர்வையை முறுக்கிப் பிழிந்து என் கையில் திணித்தாள். "நீ உன் துணியைப் பாரு. சோப்பு ஆத்தோட போகுது."

அக்டோபர் கடைசியில் அடித்த காற்று ஒரு ஊசியிலை மரத்தைப் பெயர்த்து அவர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் போட்டது. கற்பலகைக் கூரை. அதைப் போடத் தெரிந்தவர்கள் ஃபொஸ்காவில் இல்லை. ஆற்றோரத்து ஊரிலிருந்து சவேரியோ என்ற கொத்தனார் வந்தான். அதற்கு முன் அவன் இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. குள்ளம், அகலம், எதையும் அவசரமாகச் செய்யத் தெரியாத ஆள். ஒரு கல்லை எடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிடித்து, கீழே வைத்து, வேறு கல்லை எடுப்பான். ஜாகொமா மத்தியானத்தில் சோளக்களியை வாளியில் வைத்து ஏணியில் ஏற்றிவிடுவாள். அவர்கள் பேசிக்கொண்டதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் களி இருக்குமா?"

"இருக்கு."

அவ்வளவுதான். காதல் என்றால் அதுதான் காதல்.

வேலை முடிந்து போனவன் நவம்பர் பதினொன்றில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று, பொத்தான் போட முடியாத கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பாட்டிலோடு மலையேறி வந்து நின்றான். காஸ்பரே முகம் மலர்ந்து வரவேற்றார். சவேரியோ மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்களைக் கூப்பிட்டார். நிலவறைக்குப் போய்க் கடைசிப் பலகையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து, துணியால் துடைத்து, மேசைமேல் வைத்துக் கத்தியை இறக்கினார்.

இரண்டு பாதியும் பிரிந்து விழுந்தன. முழுக்க நீலம்.

காஸ்பரே கத்தியைப் பார்த்தார். ஒரு பாதியைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் வெட்டினார். அங்கேயும் நீலம். ஜாகொமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு நிற்கவில்லை, வேகமும் மாறவில்லை.

"பலகை மாறிப்போச்சு," என்றார் காஸ்பரே.

"பலகை மாறினா என்ன மாமா? கட்டி உங்க வீட்டுக் கட்டிதானே," என்றார் லூயிஜி. என் வீட்டுக்காரர் வாழ்நாளில் சரியான நேரத்தில் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்ல லூயிஜி, நான் எடுக்க நினைச்சது..."

"வெட்டியாச்சே மாமா. நான் பார்த்தேன், இவளும் பார்த்தா."

ஆற்றோரத்து ஆளுக்கு எங்கள் ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னங்க, கெட்டுப்போச்சா? நல்லாத்தானே வாசம் வருது," என்று சொல்லி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"கெடல மாப்ள," என்றார் லூயிஜி. "உனக்குப் பொண்ணு கொடுத்தாச்சு. நல்லா மென்னு முழுங்கு."

காஸ்பரே ஒரே ஒரு நிபந்தனை போட்டார், மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட வேண்டும். சவேரியோ ஒத்துக்கொண்டான். கூரை ஒழுகாது என்று அவனுக்குத் தெரியுமே என்று ஊர் சிரித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா மகளோடு பேசவில்லை. அடுத்த வருஷம் ஒரு நாள் உப்பை எடு என்றார், அவள் எடுத்துக் கொடுத்தாள், அதோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு அந்தக் கடைசிப் பலகைக் கட்டிகளைத்தான் வெட்டினார்கள். தூக்கிக்கொண்டு வர நான் உதவினேன். மேல்தோலை விரலால் தடவினால் தெரியும், பின்னல் ஊசியால் குத்தி, நீலம் ஓடியபின் உப்புத்தண்ணீர் தொட்டுத் தேய்த்து மூடிய தடங்கள். ஒன்று விடவில்லை, பலகையில் இருந்த எல்லாவற்றையும் குத்தியிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் வெட்டிய பிறகு நீலத்தைப் பார்த்தேன். விரல் கனத்துக்கு ஓடி, ஓரத்தில் பச்சை ஏறிய நீலம். நிச்சயத்தன்று வெட்டியதும் அப்படித்தான் இருந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகாமல் அப்படி ஓடாது. சவேரியோ கூரை ஏறியது புனித மார்ட்டினுக்கு இரண்டு வாரம் முன்னால். ஃபொஸ்காவில் இந்தக் கணக்குப் போடத் தெரியாதவர் எவருமில்லை. அவள் குத்தியது அவனுக்காக அல்ல. அவன் இப்படி ஒரு ஊர் இருப்பதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே குத்தியாகிவிட்டது.

சவேரியோ மட்டும் வேறு கணக்குப் போட்டான். ஊர் வழக்கம் புரிந்த நாளிலிருந்து அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். கல்யாணத்தில் சொல்வான், ஞானஸ்நான விருந்தில் சொல்வான், சீட்டு விளையாடும்போது சொல்வான்.

"நான் கூரைமேல ஒரு கல்லை வச்சுக்கிட்டு நிக்கிறேன். கீழே இருந்து இவ பார்க்கிறா. பார்த்தா பாரு ஒரு பார்வை! நேரா நிலவறைக்குப் போயி ஊசியை எடுத்துட்டா. கிழவனை ஏமாத்தி எனக்காகக் குத்தினாய்யா!"

"உளறாதே," என்பாள் ஜாகொமா. சொல்லிக்கொண்டே அவன் கிளாஸில் முதலில் ஊற்றுவாள்.

நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு கொத்தனாருக்கு நீலத்தின் வயது எங்கே தெரியப்போகிறது, பாவம், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். ஃபொஸ்காவில் ரகசியம் என்று ஒன்று தங்கியது அது ஒன்றுதான். பத்திஸ்தாவும் வாயைத் திறக்கவில்லை. அவனும் பேகேரா என்ற ஊரிலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, பிள்ளை பெற்று, கழுதையை விற்று டிராக்டர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் சவேரியோவோடு சீட்டு விளையாடுகிறவனாக ஆகியிருந்தான். அந்தக் கதை வரும்போது மட்டும் சீட்டை அளவுக்கு மீறிக் கலைப்பான்.

காஸ்பரே போய்ச் சேர்ந்தார். கடைசி ஒரு வருஷம் அவரைத் தூக்கி உட்காரவைத்ததும் படுக்கவைத்ததும் சவேரியோதான். ஜாகொமாவுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும். பெண் அம்மாவோடு திரள் போடக் கற்றுக்கொண்டாள், பையன் பால் வண்டி ஓட்டுகிறான். ஐம்பது தாண்டியதும் ஜாகொமாவின் விரல்கள் வீங்கிக் கோணிக்கொண்டன. ஜெபமாலைகூட நழுவி விழும். ஆனால் கட்டி மட்டும் கெடவில்லை. கீழேயிருந்து வரும் வியாபாரி ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்: "மத்த வீட்டுல கண்ட இடத்துல குத்தி வைக்கிறாங்கம்மா. உங்க கட்டியில ஓட்டையெல்லாம் நூல் பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு." இந்த வயதிலும் அவள் கை எவ்வளவு நேராக நிற்கிறது பார் என்று நாங்களும் வாயைப் பிளந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து ஒரு வாரத்தில் ஜாகொமா போய்விட்டாள். அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. களி, முயல் கறி, நடுவில் ஒரு கட்டி. மகள் வெட்டினாள். சவேரியோ கொஞ்ச நேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எதிர்பார்த்ததுதான், ஆரம்பித்தான்.

"நான் கூரைமேல நிக்கிறேன். கீழே இருந்து இவ பார்க்கிறா..."

"போதும்டா," என்றான் பத்திஸ்தா.

பத்திஸ்தாவின் கழுத்து சிவந்திருந்தது. மடியில் இருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"இத்தனை வருஷமா கேட்டாச்சு. இன்னிக்காவது விடு. அவ உனக்காகக் குத்தல. அந்த நீலத்துக்கு என்ன வயசுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், உன்னைத் தவிர. நீ கூரை ஏறும்போது உள்ளே நீலம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு எவன் போயிருந்தாலும் அதே கட்டியைத்தான் வெட்டியிருப்பாங்க. நான் ஒரு ஆறு மாசம் பொறுத்துப் போயிருந்தா எனக்கு..."

கையில் இருந்த கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று எனக்கு இருந்தது. அவள் குழியில் மண்கூடக் காயவில்லை.

சவேரியோ எப்போதும்போல அவசரப்படவில்லை. ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அவ விரல் மடங்காமப் போயி எத்தனை வருஷம் ஆச்சு? இந்த வீட்டுக் கட்டியை யாரு குத்துறதுன்னு நினைச்சீங்க எல்லாரும்? நான்தான். நீலம் ஓட எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியாதா பத்திஸ்தா?"

மகள் தலை குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நூல் பிடித்த மாதிரி ஓட்டைகள் எனக்கு அப்போதுதான் உறைத்தன.

"அப்புறம் ஏன்டா அந்தக் கதையை விடாம சொல்லிக்கிட்டு இருந்த?"

"அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு. உளறாதேம்பா. ஆனா அடுப்பங்கரையில இருந்தாலும் அந்த இடம் வரும்போது வந்து நின்னு கேப்பா."

"யாருக்காகக் குத்தினாள்னு நீ அவளைக் கேட்டதே இல்லையா?"

"இல்ல. அவ பொய் சொல்ல மாட்டா. அதனால கேக்கல."

அவன் கட்டியில் ஒரு துண்டை வெட்டி, கத்தி முனையில் எடுத்து, பத்திஸ்தாவின் தட்டில் வைத்தான். அவன் குரலில் சண்டை இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நான் வெளியூர்க்காரன், எனக்குத் தெரியாது. ஒரு தடவை வெள்ளை வெட்டிட்டா, அந்த ஆளு திரும்ப வந்து கேக்கக்கூடாதுன்னு உங்க வழக்கத்துல இருக்கா?"

பத்திஸ்தா தட்டில் இருந்த துண்டைப் பார்த்தான். யாராவது சொல்ல வேண்டுமே.

"இல்ல," என்றேன் நான். "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. வரலாம்."

சவேரியோ தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். பத்திஸ்தா எழுந்து நின்று நாற்காலிக்கு அடியிலும் ஜன்னல் மேடையிலும் தொப்பியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.